அடிசம் மடத்துக்கு ஒரு நடை

திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வவுனியா, கிளிநொச்சி என்று குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இதை வாசிப்பவர்களிடையே இருக்கலாம். மலைநாடு என்றால் அம்மா சொல்லிக் கேட்டதோடு சரி. கலியாணம், செத்தவீடு என்று வந்தாலும் லயத்து வாசலோடு திரும்பிவிடுகிறோம். சும்மா பார்ப்பதற்காகப் பயணம் போவதா? அதுவும் கணவனை இழந்தவள் புறப்பட்டால் ஊர் என்னென்ன கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கேட்கட்டும். நாலைந்து பேராகச் சேர்ந்து புறப்படுங்கள் சகோதரிகளே.

தலவாக்கலையிலிருந்து பதுளைப் பக்கம் போகும் ரயில் பாதை, நானுஓயா தாண்டி, 1,891 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொல நிலையத்தைக் கடந்து ஹப்புத்தளைக்கு இறங்குகிறது. 2025 நவம்பர் சூறாவளியில் இப்பாதை பலத்த சேதமடைந்தது. ஆகவே ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது, பஸ்ஸிலும் போகலாம்.

ஹப்புத்தளையிலிருந்து சுமார் 3 கிலோமீற்றரில் அடிசம். சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931இல் கட்டிய கருங்கல் பங்களா இது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தின் பெயரை அதற்கு வைத்தார். துரைமார் காலத்தில் கொழுந்து பறிக்கும் பெண் இப்படியொரு வீட்டின் முன்வாசலால் நுழைந்திருக்க முடியாது. 1960களின் தொடக்கத்தில் வீடு ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் கைக்கு வந்து மடமானது. இன்று நாம் அந்த முன்வாசலாலேயே போய், வரவேற்பறையையும் பழைய புத்தகங்கள் அடுக்கிய நூலகத்தையும் பார்க்கலாம். எந்தச் சமயத்தவரானாலும் தடையில்லை. சனி, ஞாயிறு, போயா நாட்களிலும் பாடசாலை விடுமுறையிலும் திறப்பது வழக்கம். இது துறவிகள் வாழும் இடம்; குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். அவர்கள் செய்து விற்கும் ஜாம் போத்தல் ஒன்று பிள்ளைகளுக்கு வாங்கலாம்.

மடத்தை அடுத்து தங்கமலைச் சரணாலயம். 1938 முதல் பாதுகாக்கப்பட்ட காடு. அதனூடாக இதல்கஸ்ஹின்ன பக்கம் ஒரு நடைபாதை போகிறது. முழுவதும் நடக்க வேண்டுமென்றில்லை. மரநிழலில், பறவைச் சத்தம் கேட்டபடி அரை மணி நேரம் நடந்தாலே போதும். நம்மில் பலர் காடு என்றால் ஓடி ஒளிந்த இடமாகத்தான் அறிவோம். காலடி எடுத்து வைக்க நெஞ்சு படபடத்தால் வெட்கப்பட வேண்டாம், வாசலிலேயே உட்கார்ந்திருங்கள், அதுவும் பயணம்தான்.

சிலர் தண்டவாளத்தில் நடப்பதைக் காண்பீர்கள். நீங்கள் நடக்காதீர்கள். மதியத்துக்குப் பின் பனிமூட்டம் ஏறிவிடும், காலையிலேயே போய்விடுங்கள். போர்வை ஒன்று கையிலிருக்கட்டும். மழைநாளில் அட்டை கடிக்கும். தோட்டத்துப் பெண்கள் செய்வதுபோல் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள்.