இம்பிளான்ட் பல்: செலவு செய்வதற்கு முன் முரசைக் கவனியுங்கள்

"வெளிநாட்டிலிருந்து தம்பி காசு அனுப்புறான், இம்பிளான்ட் பல் கட்டலாமா டொக்டர்?" வடக்கில் பல் வைத்தியராகப் பணியாற்றும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. எறிகணைச் சிதறல் பட்டு முன்பற்களோடு தாடை என்பின் ஒரு பகுதியையும் இழந்தவர்களும் கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன்னர், மிச்சமுள்ள பற்களைச் சுற்றியிருக்கும் முரசைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதற்கான காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்பிளான்ட் என்பது தாடை என்புக்குள் செலுத்தப்படும் டைட்டேனியம் திருகாணி. அதன்மேல் செயற்கைப் பல் பொருத்தப்படும். டைட்டேனியம் என்போடு இறுக ஒட்டிவிடும் என்பதை 1950களில் முயல்களில் நடத்திய ஆய்வின்போது கண்டவர் சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானெமார்க். 1965 இல் அவர் முதல் நோயாளிக்கு இம்பிளான்ட் பொருத்தினார். அந்த நோயாளி 2006 இல் இறக்கும்வரை அவை பயன்பாட்டில் இருந்தன.

ஆனால் முரசு டைட்டேனியத்தை அவ்வாறு பற்றிக்கொள்வதில்லை. இயற்கைப் பல்லில் முரசின் நார்கள் வேருக்குள் குறுக்காகப் புகுந்து இறுகப் பிடித்திருக்கும். இம்பிளான்டில் அவை உள்ளே புகாமல், கழுத்துப்பட்டி போலச் சுற்றி மட்டும் நிற்கும். அந்த இடத்துக்கு இரத்த ஓட்டமும் குறைவு. எனவே அழுக்குப் படிந்தால் கிருமிகள் உள்ளே இறங்குவது சுலபம்.

முதலில் முரசு சிவந்து வீங்கும். பல் துலக்கும்போது இரத்தம் கசியும். இந்த நிலையில் நன்றாகச் சுத்தம் செய்தால் முரசு பழைய நிலைக்குத் திரும்பும். கவனிக்காமல் விட்டால் திருகாணியைத் தாங்கும் என்பு கரையத் தொடங்கும். கரைந்த என்பை முழுமையாக மீட்பது கடினம். பலருக்கு இதில் வலியே இருப்பதில்லை. இம்பிளான்ட் ஆடத் தொடங்கும்போது காப்பாற்றும் காலம் பெரும்பாலும் கடந்திருக்கும்.

என்பு குறைந்தவர்களுக்கு

காயத்தினாலோ, பல் இழந்து நீண்டகாலம் ஆனதாலோ தாடை என்பு குறைந்திருந்தால், அந்த இடத்தில் என்புத் துகள்களை நிரப்பி மேலே மெல்லிய சவ்வொன்றை விரிப்போம். முரசு என்பை விட வேகமாக வளரும் தன்மையுடையது. தடுப்பு இல்லாவிட்டால் என்பு வளரவேண்டிய இடத்தை அது பிடித்துவிடும். சவ்வு அதைத் தடுத்து, என்பு வளர அவகாசம் தருகிறது. இதற்குப் பல மாதங்கள் ஆகும். இடையில் தையல் பிரிந்து சவ்வு வெளியே தெரிந்தால் கிருமிகள் புகுந்து பலன் குறையும். பழைய போர்க்காயத் தழும்புள்ள இடத்தில் இரத்த ஓட்டம் குறைவாக இருக்கக்கூடும் என்பதால் கூடுதல் அவதானம் தேவை.

இந்தத் துகள்கள் உங்கள் தாடையிலிருந்தே எடுக்கப்படலாம். மனிதக் கொடையாகவோ, மாட்டு என்பிலிருந்தோ, செயற்கையாகவோ தயாரிக்கப்பட்டவையாகவும் இருக்கலாம். சவ்வுகள் பலவும் பன்றி அல்லது மாட்டின் கொலாஜனில் செய்யப்படுபவை. உங்கள் சமயமோ உணவுப் பழக்கமோ இதற்கு இடம்தராவிட்டால் சிகிச்சைக்கு முன்பே சொல்லுங்கள். மாற்று வழிகள் உண்டு. உங்கள் இரத்தத்தையே சுழற்றிப் பிரித்தெடுக்கும் பி.ஆர்.எப். முரசுக் காயம் ஆற உதவும். ஆனால் பெரிய என்புக் குறையை அதனால் மட்டும் நிரப்ப முடியாது.

முன்னரும் பின்னரும்

மற்றப் பற்களில் முரசு நோய் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். அரச வைத்தியசாலைகளின் பல் சிகிச்சைப் பிரிவுகளில் முரசுச் சிகிச்சையை இலவசமாகப் பெறலாம். நீரிழிவைக் கட்டுப்பாட்டில் கொண்டுவாருங்கள். சுருட்டு, சிகரெட், புகையிலையோடு போடும் வெற்றிலை ஆகியவற்றை நிறுத்துங்கள். காயம் ஆறாமல் போவதற்கு இவை முக்கிய காரணங்கள். உடலில் சிதறல் துண்டுகள் இருந்தால், குறிப்பாகத் தலையிலும் தாடையிலும், வைத்தியரிடம் சொல்லுங்கள். ஸ்கான் எடுக்கும்போதும் திருகாணியின் பாதையைத் தீர்மானிக்கும்போதும் அந்தத் தகவல் தேவை. என்புத் தேய்வுக்கு மருந்து எடுப்பவர்களும் அதைத் தெரிவிக்க வேண்டும்.

பல் கட்டிய பின் தினமும் இருமுறை மென்மையான தூரிகையால் முரசோரத்தைத் துலக்குங்கள். இடைவெளிகளுக்குச் சிறு தூரிகை உண்டு. வலி இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது காட்டுங்கள். இரத்தம், சீழ், கெட்ட சுவை தெரிந்தால் அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டாம்.

காசு அனுப்பும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை: பல் கட்டும் செலவோடு, அதன்பின் வருடாவருடம் வரும் பராமரிப்புச் செலவையும் கணக்கில் எடுங்கள். அதற்கு வழியில்லை என்றால், நன்றாகச் செய்யப்பட்ட கழற்றி மாட்டும் பல்லே அவருக்குப் பாதுகாப்பான தெரிவாக இருக்கும்.