காணாப் பொருளும் கண்டறிந்த வழங்குநரும்

வாணிகத்தின் உயிர்நிலை நம்பிக்கை என்பது யாவரும் ஒப்ப முடிந்த உண்மை. வாங்குவோன் பொருளைக் கையிலெடுத்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்கும்போது அந்நம்பிக்கைக்கு அவனுடைய கண்ணுங் கையுமே சான்றாகின்றன. கண்டி மத்திய சந்தையிலும் கொழும்பு வீதிக் கடைகளிலும் அவ்வழக்கத்தை இன்றுங் காணலாம். ஆயின், கைத்தொலைபேசியின் திரையே கடையாகிவிட்ட இந்நாளில் வாங்குவோன் பொருளைக் காண்பதில்லை. ஒருவகை வாணிகத்திலே விற்போனுங் காண்பதில்லை. இவ்விரண்டாவது வகையினையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

‘ட்ரொப்ஷிப்பிங்’ என வழங்கும் இம்முறையை நேரனுப்பு வாணிகம் எனத் தமிழிற் கூறலாம். கடைக்காரர் சரக்கை வாங்கிக் களஞ்சியப்படுத்துவதில்லை. பொருளின் படத்தையும் விலையையும் தமது இணையக்கடையில் வெளியிடுவார். கட்டளை கிடைத்ததும் அதனை வழங்குநருக்கு அறிவிப்பார். வழங்குநர் பொருளைப் பொதிசெய்து வாங்குவோர் வீட்டுக்கு நேரே அனுப்புவார். இரு விலைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டிற் செலவு நீங்க எஞ்சுவது கடைக்காரரின் ஊதியம். இம்முறை இணையத்தோடு பிறந்ததன்று. அமெரிக்காவில் நிலக்கரி, மரம் முதலிய பாரப் பொருள்களை விற்ற மொத்த வணிகருட் சிலர், சரக்கைத் தாம் தொடாமலே சுரங்கத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் வாங்குவோரிடம் நேரே செல்லுமாறு செய்தனர்.

முதலீடு சிறிதாகலின் இவ்வாணிகம் இளைஞரைப் பெரிதுங் கவர்கின்றது. என்னிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவரொருவர் கட்டுகஸ்தோட்டையில் இருந்துகொண்டு இவ்வாறு ஓர் இணையக்கடை தொடங்கினார். வழங்குநரொருவர் அனுப்பிய அழகிய படங்களை நம்பிப் பித்தளைக் குத்துவிளக்குகளை விற்றார். திருமணத்துக்கு 2 நாள் இருக்கையில் ஒரு வீட்டிற்குச் சென்ற விளக்கு, எண்ணெய் வார்த்ததும் கசிந்தது. அதனை அவர் என்னிடங் கொண்டுவந்தபோது காந்தமொன்றை அருகிற் பிடித்தோம், ஒட்டிக்கொண்டது. பித்தளையைக் காந்தம் கவராது. ஆகவே, அது முலாம் பூசிய இரும்பென்பது தெளிவாயிற்று. “சேர், விளக்கை நான் கண்ணாலும் காணவில்லை, ஆனால், எல்லாரும் என்னுடைய பெயரைத்தான் சொல்லுகிறார்கள்” என அவர் வருந்தியமை இன்னும் என் நினைவில் நிற்கின்றது.

அவர் கூற்றிலேயே இவ்வாணிகத்தின் அடிப்படை உண்மை அடங்கியுள்ளது. வாங்குவோருக்கு வழங்குநர் இன்னாரெனத் தெரியாது. கடைக்காரரையே அவர் அறிவார். சட்டத்தின் நோக்கும் அத்தகையதே. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டத்தின்படி, விவரணங் கூறி விற்கப்படும் பொருள் அவ்விவரணத்தோடு பொருந்துதல் வேண்டும். விற்பனை உடன்படிக்கை கடைக்காரருக்கும் வாங்குவோருக்கும் இடையிலே நிகழ்வதாகலின், ‘நான் பார்க்கவில்லை’ என்பது விடையாகாது.

கணக்கும் இதனையே காட்டும். உதாரணமாக, 9,000 ரூபாவுக்கு விற்கும் விளக்குக்கு வழங்குநர் விலை 7,500 ரூபா, கூரியர் கட்டணம் 500 ரூபா எனக் கொண்டால், ஊதியம் 1,000 ரூபா. ஒரு விளக்குப் பழுதாகி, வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அதனை மீளப்பெறும் கட்டணமாக மேலும் 500 ரூபாவும் செலுத்தினால், வழங்குநர் கைவிட்டவிடத்து நட்டம் 8,500 ரூபாவாகும். எட்டு விளக்குகள் விற்ற ஊதியமும் அதனை ஈடுசெய்யப் போதாது.

அங்ஙனமாயின், காணாத பொருளை நம்பி வாணிகஞ் செய்தல் இயலாததோ? இயலும் என்பதற்கு நமது மலைநாடே சான்று. தெல்தோட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி நிகழ்ந்தது. ஏலத்தில் வாங்குவோர் களஞ்சியத்திலுள்ள ஒவ்வொரு பொதியையும் பிரித்துப் பார்ப்பதில்லை. தரகர் முன்னரே அனுப்பும் மாதிரியைச் சுவைத்துப் பார்த்தே விலை கூறுவர். 2020ஆம் ஆண்டில் ஏலம் மின்னணு முறைக்கு மாறிய பின்னரும் மாதிரியைச் சுவைக்கும் வழக்கம் மாறவில்லை. காணாப் பொருளின் வாணிகம் நிலைபெற்றது சொல்லின்மேலன்று, சோதனையின்மேலென்பது இதனாற் பெறப்படும்.

திருவள்ளுவர் ‘தெரிந்துதெளிதல்’, ‘தெரிந்துவினையாடல்’ என 2 அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். ஒருவரை ஆராய்ந்து தெளிதல் முன்னது; தெளிந்தவரிடம் வினையை ஒப்படைத்து நடத்துதல் பின்னது. அரசனுக்குக் கூறப்பட்ட இம்முறை இணையக்கடைக்காரருக்கும் பொருந்தும்.

முதலாவதாக, வழங்குநர் யாரென அறிதல் வேண்டும். அவர் பொருளைச் செய்பவரா, மொத்த வியாபாரியா, அன்றி நம்மைப்போல் படத்தை மட்டும் வைத்திருக்கும் இன்னொரு இடைத்தரகரா? இடைத்தரகர் பெருகப் பெருக விலை கூடும், பொறுப்புக் குறையும். வணிகப் பெயர்ப் பதிவுச் சான்றிதழின் பிரதியைக் கேட்டல் வேண்டும். கொம்பனியாயின் கொம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் அதன் பெயரைத் தேடிப் பார்க்கலாம். வங்கிக் கணக்கின் பெயரும் சான்றிதழிலுள்ள பெயரும் ஒத்திருத்தல் வேண்டும். பொருட்பட்டியலைக் காட்டுவதற்கே பெருந்தொகை கேட்பவர் ஐயுறற்குரியவர். பொருள் விற்று வாழ்பவருக்கு விற்பனையே ஊதியமன்றோ!

இரண்டாவது, மாதிரி வாங்கல். வழங்குநர் நமக்கெனத் தெரிந்தெடுத்து அனுப்பும் மாதிரி மட்டும் போதாது. உறவினர் ஒருவர் பெயரிலும் முகவரியிலும், முன்னறிவித்தலின்றி, ஒரு மாத இடைவெளியில் இருமுறை வாங்குதல் நன்று. எத்தனை நாளில் வந்தது, பொதி எவ்வாறிருந்தது, நிறையும் அளவும் விவரணத்தோடு ஒத்தனவா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். முதல் மாதிரி நன்றாயும் அடுத்தது குறையாயும் இருப்பின், அவ்வழங்குநரை விட்டு விலகுதலே அறிவுடைமை.

மூன்றாவது, எழுத்திலமைந்த உடன்பாடு. விலை, அனுப்பும் காலவெல்லை, கையிருப்புத் தீர்ந்தால் அறிவிக்கும் முறை, உடைந்த பொருளுக்குப் பொறுப்பாளர், திருப்பியனுப்பும் கட்டணத்தைச் செலுத்துவோர் ஆகியவை தெளிவாக எழுதப்படல் வேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணங்களுக்கும் உடன்படிக்கைகளுக்கும் சட்டவங்கீகாரம் அளித்துள்ளது. ஆகவே, மின்னஞ்சலில் எழுதிப் பேணினும் பயனுண்டு. வாய்ச்சொல்லோ வழக்கு வருமிடத்து இருவருக்கும் இருவேறாகிவிடும்.

இனி, தெளிந்தபின் செய்யத்தக்கன. முற்பணத்தைச் சிறிது சிறிதாகவே உயர்த்துக. ஒவ்வொரு கட்டளையும் அனுப்பப்பட்ட நாள், சேர்ந்த நாள், வந்த முறைப்பாடு ஆகியவற்றை ஒரு கொப்பியிற் பதிந்து வருக. விற்பனை மிகுந்த பொருளுக்கு இரண்டாவது வழங்குநர் ஒருவரையுந் தேடி வைக்க. எசல பெரஹரா நாட்களிற் கண்டி வீதிகள் மூடப்படும். சித்திரைப் புத்தாண்டிலே பட்டறைகள் ஓய்ந்திருக்கும். இவற்றை முன்னரே எண்ணி, வாங்குவோருக்கு மெய்யான நாளையே கூறுதல் வேண்டும்.

தூரதேச வழங்குநரை நாடுவோருக்கு இன்னுமோர் எச்சரிக்கை. சீன நாட்டின் அலிபாபா நிறுவனம் 1999ஆம் ஆண்டிலும் அதன் சில்லறைத் தளமான அலிஎக்ஸ்பிரஸ் 2010ஆம் ஆண்டிலும் தோன்றியபின், உலகப் பொருள்கள் கையெட்டுந் தூரத்திற்கு வந்தன. ஆயின், சுங்கத்தீர்வையும் தாமதமும் வாங்குவோர் தலையிலே விழுவனவாம். 2020ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் நம் அரசு பல பொருள்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, அவற்றையே நம்பியிருந்த கடைகள் விற்பதற்குப் பொருளின்றி நின்றன. வழங்குநர் நேர்மையாளராயினும் வழி அடைபடலாம்.

கண்டியில் வாழ்வோர்க்கோ பிறர்க்கில்லாத வாய்ப்பொன்று உண்டு. நத்தரன்பொத்தவிலும் பிலிமத்தலாவையிலும் உலோகக் கைவினைஞர் உளர். மரச்சிற்பத்துக்கு எம்பக்க பெயர்பெற்றது. தும்பறைப் பாய் நெய்யும் மரபினை 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. கண்டிநாட்டுக் கைவினைகளை நேரிற் கண்டாராய்ந்து 1908ஆம் ஆண்டு பெருநூல் வெளியிட்டவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அவர் போற்றிய கலைகளின் வழிவந்தோர் பஸ்ஸிற் சென்று காணத்தக்க தூரத்தில் இருக்கின்றனர். அவர்களது பட்டறைக்குச் சென்று, செய்யும் முறையைக் கண்டு, உரிய விலையை உடனுக்குடன் கொடுத்து வருவோமாயின், வழங்குநரை அறிவோம்; அவரும் நம்மை அறிவார். நம்பிக்கை இருபக்கத்தும் வேண்டப்படுவது. பணத்தைத் தாமதிக்குங் கடைக்காரருக்கு நல்ல கைவினைஞர் தமது நல்ல பொருளை ஏன் ஒதுக்கி வைப்பார்?

மேற்கூறிய மாணவர் விளக்கின் விலையைத் திருப்பிக் கொடுத்ததோடு, தம் வீட்டு விளக்கையே அத்திருமணத்துக்கு இரவலாக வழங்கினார். இப்பொழுது சனிக்கிழமைதோறும் நத்தரன்பொத்தவுக்குச் செல்கின்றார். பொதிசெய்யுமுன் ஒவ்வொரு விளக்கிலும் நீர் வார்த்துப் பார்க்கின்றார். விற்பனை முன்னிலும் குறைவுதான். திரும்பி வரும் பொதிகளோ அரிதாகிவிட்டன. அவருடைய சட்டைப்பையில் அக்காந்தத்துண்டு இன்னும் இருக்கின்றது. இவ்வாணிகத்தில் இறங்க எண்ணும் மாணவர், இணையக்கடைக்குப் பெயர் சூட்டுமுன், அப்பெயரை எவர் கையில் ஒப்படைக்கின்றோம் என ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.