காந்தியின் ரத்தக்கறை படிந்த துணியை ஏன் துவைக்கல? மியூசியத்தில் பழைய ஆடைகளை எப்படிப் பாதுகாக்குறாங்க?

மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குப் போனவங்க, அந்த ஒரு துணி முன்னாடி கொஞ்ச நேரமாவது நின்னுட்டுத்தான் வந்திருப்பாங்க. 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டபோது உடுத்தியிருந்த ஆடையின் ஒரு பகுதி அது. ரத்தக்கறையோடு அப்படியே இருக்கிறது.

நம்ம சட்டையில் கறை பட்டால் உடனே சோப்பைத் தேடுவோம். ஆனால் அங்கே அந்தக் கறையைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஏன்?

கறைதான் சாட்சி

அந்தக் கறையை எடுத்துவிட்டால், மிஞ்சுவது வெறும் வெள்ளைத் துணி. 1921 செப்டம்பர் 22 அன்று இதே மதுரையில்தான் காந்தி சட்டையை விட்டுவிட்டு அரையாடைக்கு மாறினார். அந்த முடிவும், அதன் பிறகான 26 ஆண்டுகளும், கடைசி நாளும் அந்தத் துணியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்திலும் இதே கதைதான். 1805-ல் டிரஃபால்கர் போரில் இறந்த கடற்படைத் தளபதி நெல்சனின் கோட்டு அங்கே இருக்கிறது. இடது தோளில் குண்டு துளைத்த ஓட்டையை யாரும் தைக்கவில்லை. தைத்தால் அது இன்னொரு பழைய கோட்டு, அவ்வளவுதான்.

சரி, அழுக்கையாவது எடுக்கலாமே?

எடுப்பாங்க, ஆனா ரொம்ப யோசிச்சுத்தான். பழைய நூல் தண்ணீரில் நனைந்தால் இன்னும் பலவீனமாகும், சாயம் கரைந்து பக்கத்தில் பரவும். அதனால் துணியின் மேல் மெல்லிய வலையை விரித்து, குறைந்த வேகத்தில் வேக்குவம் கிளீனரால் தூசியை மட்டும் உறிஞ்சுவார்கள். துவைத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். ஒருமுறை போனது திரும்ப வராது என்பதுதான் அந்தப் பயம்.

பூச்சி அரித்தால்? துணியை பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 30 டிகிரி ஃப்ரீசரில் சில நாட்கள் வைப்பார்கள். மருந்து அடிக்காமலே பூச்சியும் முட்டையும் செத்துவிடும்.

அந்த ரூம் ஏன் இருட்டா இருக்கு?

'ஒண்ணுமே சரியா தெரியல'ன்னு நிறைய பேர் குறைப்படுவது இதைத்தான். ஆடைகள் இருக்கும் அறையில் வெளிச்சம் சுமார் 50 லக்ஸ் அளவில்தான் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நம்ம ஆபீஸ்களில் 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும்.

வெளிச்சம் சாயத்தை வெளுக்க வைக்கும், நூலை முறிக்கும். பிறகு இருட்டில் வைத்தாலும் அந்தச் சேதம் ஆறாது, மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் பல அருங்காட்சியகங்கள் ஓர் ஆடையைச் சில மாதங்கள் மட்டும் காட்டிவிட்டு, திரும்ப இருட்டறைக்கு 'ஓய்வுக்கு' அனுப்புகின்றன.

ஜவுளிக்கடையில் பொம்மைக்குத் தகுந்த மாதிரி துணியை பின் குத்தி மாட்டுவார்கள். இங்கே நேர்மாறு. துணியைவிடச் சிறிய பொம்மையை எடுத்து, துணியின் அளவுக்குப் பஞ்சு வைத்து நிரப்புவார்கள். அதற்கும் தாங்காத துணி என்றால், படுக்க வைத்துத்தான் காட்டுவார்கள்.

ஒரு தடவை போட்டுப் பார்த்தா என்ன தப்பு?

2022-ல் இந்தக் கேள்விதான் பெரிய சர்ச்சையானது. 1962-ல் அமெரிக்க அதிபர் கென்னடிக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடியபோது மர்லின் மன்றோ அணிந்த கவுனை, மெட் காலா விழாவில் கிம் கர்தாஷியன் அணிந்து வந்தார். ரிப்ளீஸ் நிறுவனம் 2016-ல் 48 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்த கவுன் அது. அவர் அதை அணிந்திருந்தது சில நிமிடங்கள்தான். ஆனாலும், வரலாற்று ஆடைகளை யாருமே அணியக் கூடாது என்று சர்வதேச அருங்காட்சியக கவுன்சிலின் ஆடைக் குழு அறிக்கை விட்டது. கற்கள் உதிர்ந்துவிட்டதாகப் பிறகு படங்கள் பரவின. கிம் அணிந்ததால் எந்தச் சேதமும் இல்லை என்றது ரிப்ளீஸ்.

யார் சொல்வது சரியாக இருந்தாலும், வியர்வை, மேக்கப், உடம்பின் அசைவு எல்லாமே பழைய துணிக்கு எதிரிதான்.

உங்க வீட்டு பீரோவுக்கு

பாட்டியோட கல்யாணப் புடவை இருக்கா? கம்பி ஹேங்கரில் தொங்கவிடாதீங்க. பிளாஸ்டிக் கவரும் நியூஸ்பேப்பரும் வேண்டாம். கஞ்சி போடாத, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்க. சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்க, இல்லைன்னா அதே மடிப்பில் ஜரிகை முறியும். சென்ட் நேரடியாகப் படக் கூடாது.

முக்கியமாக, அது யார் புடவை, எந்த ஊர்ல, எப்போ எடுத்ததுன்னு ஒரு சீட்டில் எழுதி கூடவே வையுங்க. பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்க. கதை தெரியாமப் போனா, அடுத்த தலைமுறைக்கு அது வெறும் பழைய துணிதான்.