கரண்ட் பில்லும் நமது தப்புக் கணக்கும்

கரண்ட் பில் கூடி வந்தால் வீட்டில் முதலில் பழி விழுவது செல்போன் சார்ஜர் மீதுதான். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. அதன்பின் கட்டணம் பல தடவை ஏறி இறங்கிவிட்டது. ஆனால் மின்சாரச் சிக்கனம் பற்றிய நமது எண்ணங்கள் மட்டும் மாறவில்லை. கடைக் கணக்கைச் சதம் தவறாமல் பார்க்கும் நாம், வீட்டு மின்சாரத்தை ஊகத்தில் விட்டுவிடுகிறோம்.

கணக்கு மிக இலகுவானது. 1000 வாட் சாதனம் ஒரு மணித்தியாலம் வேலை செய்தால் ஓர் அலகு. இதை வைத்துக்கொண்டு சில தப்பான நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

சும்மா செருகியிருக்கும் சார்ஜர் பில்லைக் கூட்டுகிறது என்பது முதலாவது. அது அரை வாட் இழுப்பதாக வைத்தாலும், மாதம் முழுவதற்கும் அரை அலகு கூட வராது. கழற்றி வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் பில் அதனால் குறையாது.

உண்மையில் மின்சாரத்தைத் தின்பது சூடாக்கும் சாதனங்களே. லுணுகலை, மடூல்சீமைப் பக்கத்துக் குளிருக்கு வெந்நீர் தேவைதான். 3000 வாட் ஹீட்டரில் ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் அரை அலகு. நான்கு பேர் தினமும் குளித்தால் மாதத்துக்கு 60 அலகு. குளியலை ஐந்து நிமிடமாக்கினால் 30 அலகு மிச்சம். கேத்தலில் இரண்டு கோப்பைத் தேநீருக்கு ஒரு கேத்தல் நிறையத் தண்ணீர் கொதிக்க வைப்பதும் இதே வகை வீண்செலவுதான்.

இரவில் பிரிட்ஜை நிறுத்தினால் மிச்சம் என்பது இன்னொரு நம்பிக்கை. உள்ளே ஏறிய வெப்பத்தை வெளியேற்ற, காலையில் அது நீண்ட நேரம் ஓட வேண்டியிருக்கும். மிஞ்சுவது சொற்பம்; இறைச்சியும் பாலும் கெட்டால் நட்டம் அதைவிடப் பெரிது. கதவின் றப்பர் இறுக்கமாக மூடுகிறதா என்று பாருங்கள். சூடான கறியை ஆறவிட்டு வையுங்கள். அது போதும்.

60 அலகைத் தாண்டினால் மேலதிக அலகுக்கு மட்டுமே விலை கூடும் என்றும் பலர் நினைக்கிறார்கள். 2025இல் இருந்த வீட்டுக் கட்டண முறைப்படி, 60ஐத் தாண்டிய மாதத்தில் முதல் 60 அலகின் விலையும் கூடும். நிலையான கட்டணமும் உயரும். எனவே எல்லைக்கு அருகில் இருப்பவருக்கு இரண்டு மூன்று அலகு மிச்சப்படுத்துவதும் பெரிய லாபமே.

கடைசியாக, வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய விடயம். பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று ஒரு சிறு பெட்டி விற்பனைக்கு வருகிறது. பெரும்பாலும் அதனுள் இருப்பது ஒரு கெப்பாசிட்டர். தேயிலைத் தொழிற்சாலை போன்ற பெரிய பாவனையாளரிடம் கேவீஏ அளவிலும் கட்டணம் அறவிடப்படுவதால், அங்கே தகுந்த கெப்பாசிட்டர் பொருத்தினால் பயனுண்டு. வீட்டு மின்மானியோ செலவான அலகை மட்டுமே கணக்கெடுக்கும். ஆகவே வீட்டில் அந்தப் பெட்டியால் ஒரு பயனும் இல்லை.

இதை என் கடைக்கும் கொண்டுவந்தார்கள். லாபம் நல்ல லாபம்தான். ஆனாலும் வாங்கவில்லை. வாங்கிப் போகிறவர் தோட்டத்தில் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிப்பவராக இருக்கலாம். நிறுவையில் குறைப்பதற்கும் பயனில்லாத பொருளைப் பயனுள்ளதென்று விற்பதற்கும் என்ன வித்தியாசம்? அவருக்கு உண்மையில் உதவ வேண்டுமானால் 60 வாட் பழைய குமிழுக்குப் பதிலாக 9 வாட் எல்ஈடி குமிழைக் கொடுங்கள். தினமும் ஐந்து மணித்தியாலம் எரித்தால் மாதம் 9 அலகு செலவான இடத்தில் ஒன்றரை அலகுக்கும் குறைவாகவே செலவாகும்.

நமது வீட்டில் எது அதிகம் இழுக்கிறது என்று அறிய எந்தப் பெட்டியும் தேவையில்லை. ஹீட்டர் போடுமுன்னும் அணைத்த பின்னும் மின்மானியைப் பார்த்து எழுதுங்கள். ஒரு வாரத்தில் உண்மைக் கணக்கு தெரிந்துவிடும்.