பெட்ரோல் எங்கே போகிறது?
(பழைய காரின் பெட்ரோல் செலவைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி)

ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 32 மெகாஜூல். மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 9 யூனிட். நம் விடுதி அறையின் மின்விசிறியை ஐந்து நாள் இரவு பகலாகச் சுழலவிட அது போதும். அதையே ஒரு சிறிய கார் பதினைந்து பதினாறு கிலோமீட்டரில் செலவழித்துவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள வண்டியில்கூட, இந்த ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தை வந்து சேர்கிறது. மற்றதெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. வந்து சேரும் அந்தக் கால் பங்கிலும் திருட்டு நடந்தால் என்ன செய்வது? திருடன் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி? இதுவே இக்கட்டுரையின் பொருள்.

நம் வளாகத்தில் பழைய கார் அபூர்வமான பொருளன்று. 1983ஆம் ஆண்டு வெளிவந்து, 2014இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாருதி 800 வண்டிகள் இன்றும் ஒன்றிரண்டு நம் விடுதி வாசலில் நிற்கின்றன. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட எளிய எஞ்சின் அது. ஆராய்ச்சி மாணவர் மூவர் நால்வர் பங்கு போட்டு இத்தகைய வண்டியை வாங்குவது வழக்கமாகிவிட்டது. பங்கு வண்டியில் பெட்ரோல் சீக்கிரம் தீர்ந்தால் முதலில் சந்தேகம் விழுவது எஞ்சின் மேல் அன்று. கடைசியாக ஓட்டிய நண்பன் மேல். ஆகவே இது பணக் கணக்கு மட்டுமன்று, நட்புக் கணக்கும் ஆகும்.

முதலில் அளவு

"முன்போல் ஓடவில்லை" என்பது அளவன்று, அபிப்பிராயம். டாங்கியை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு, ஓட்டித் தீர்த்து, மறுபடியும் நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்ப்பதே சரியான முறை. ஒவ்வொரு முறையும் ஒரே பம்பில், துப்பாக்கி தானாக நிற்கும் முதல் தடவையோடு நிறுத்திவிட வேண்டும்.

இதிலும் பிழை உண்டு. டாங்கி நிரம்பும் மட்டம் அரை லிட்டர் முன்பின்னாக இருக்கலாம். ஐந்து லிட்டர் செலவழித்த பின் அளந்தால் அது நூற்றுக்குப் பத்துப் பிழை. இருபத்தைந்து லிட்டர் செலவழித்த பின் அளந்தால் நூற்றுக்கு இரண்டே. ஆகவே நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு மைலேஜ் பார்ப்பவர் காண்பது காரின் குணத்தையன்று, தம் அளவின் பிழையைத்தான். மூன்று முழு டாங்கிகளின் சராசரியை எடுத்தால் நம்பலாம்.

கிலோமீட்டர் மீட்டரையும் நம்பிவிடக் கூடாது. நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிக் கைபேசியின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் பெரிய டயர் மாட்டியிருந்தால், சக்கரம் ஒரு சுற்றில் கூடுதலாக நகரும். ஆனால் மீட்டர் பழைய கணக்கையே காட்டும். அப்போது குறை மீட்டரில்தான் இருக்கும், மைலேஜில் இராது.

வண்டியின் மேல் பழி போடுமுன்

வண்டி பழுதின்றி இருக்கும்போதே மைலேஜ் குறையும் காரணங்கள் சில உண்டு. முதலாவது பெட்ரோலே. 2025ஆம் ஆண்டுக்குள் நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலில் லிட்டருக்கு ஏறத்தாழ 21 மெகாஜூல்தான் உண்டு. கலப்பைக் கணக்கிட்டால் லிட்டருக்கு 29.8 மெகாஜூல் வருகிறது. அதாவது கலப்பற்ற பெட்ரோலைவிட ஏறக்குறைய 7 விழுக்காடு குறைவு. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும், கலப்பில்லாப் பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 விழுக்காட்டுக் கலப்புக்கு இசைவித்த நான்கு சக்கர வண்டிகளுக்கு 6 முதல் 7 விழுக்காடு இழப்பு நேரும் என்றே மதிப்பிட்டது. இந்த இழப்பை எந்த மெக்கானிக்காலும் திருப்பித் தர இயலாது.

இரண்டாவது பயணத்தின் நீளம். விடுதியிலிருந்து கடைத்தெரு வரை இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டியில் எஞ்சின் சூடேறுவதே இல்லை. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். எண்ணெயும் கெட்டியாக இருந்து உராய்வை மிகுவிக்கும். நம் ஊர்க் கார்த்திகையில் தெரியாத இந்த வேற்றுமை, வடநாட்டு மார்கழிக் காலையில் நன்றாகவே தெரியும். மூன்றாவது, நின்றபடியே ஓடும் எஞ்சின். சிறிய எஞ்சின்கூட மணிக்கு அரை லிட்டர் அளவில் குடிக்கும். அந்த நேரத்தில் மைலேஜ் சுழி.

உருளுவதில் தடை

இவற்றைக் கழித்த பின்னும் குறை நின்றால் வண்டியை ஆராயலாம். செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குவதே முறை.

டயர்க் காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் பார்க்க வேண்டும். நான்கு டயரிலும் அழுத்தம் ஒரு பவுண்டு குறைந்தால் மைலேஜ் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறையும். எட்டுப் பவுண்டு குறைந்தாலும் இழப்பு இரண்டு விழுக்காட்டுக்குள்தான். எனவே காற்று அடிப்பது நல்லதே. ஆனால் பெரிய குறைக்கு அது விடையாகாது.

பிரேக்கு அப்படியன்று. அது விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் இழப்பு மிகுதி. போக்குவரத்தில்லாத சமதளச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து உருளவிடுங்கள். எஞ்சினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் அதிலிருந்துதான் கிடைக்கிறது. வண்டி தயங்கித் தயங்கி நின்றால், இறங்கி நான்கு சக்கரங்களின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக்கு விடவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் உறுதியாகிவிடும்.

கிளட்சையும் பார்க்க வேண்டும். நான்காம் கியரில் ஏற்றத்தில் மிதிக்கும்போது எஞ்சின் ஓசை உயர்ந்து வேகம் உயரவில்லையென்றால் கிளட்சு நழுவுகிறது என்று பொருள்.

எரிவதில் கோளாறு

இனி எஞ்சினுக்கு வருவோம். ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தால், அல்லது பெட்ரோல் மிகுந்தால், கார்பன் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடாக நின்றுவிடும். ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடாகும்போது 394 கிலோஜூல் வெளிப்படுகிறது. மோனாக்சைடோடு நின்றால் 111 கிலோஜூல்தான். அதாவது அந்தக் கார்பன் தரவேண்டிய வெப்பத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. புகையில் டை ஆக்சைடு 12 விழுக்காடும் மோனாக்சைடு 3 விழுக்காடும் இருந்தால், ஐந்தில் ஒரு பங்கு கார்பன் இவ்வாறு அரைகுறையாக எரிகிறது.

இதை அளக்கும் கருவிக்கு நாம் எங்கும் போகவேண்டியதில்லை. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் தரும் இடத்தில் அந்தக் கருவி இருக்கிறது. சான்றிதழைப் போலீசாருக்குக் காட்டும் காகிதம் என்றே நினைக்கிறோம். உண்மையில் அது எஞ்சினின் இரத்தப் பரிசோதனை. பாரத் நிலை 2, 3 கார்களுக்கு மோனாக்சைடு 0.5 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. அதற்கு முந்தைய கார்களுக்கு 3 விழுக்காடு. பழைய சான்றிதழ்களை அடுக்கிவைத்து எண்களை ஒப்பிட்டால் நோய் எப்போது தொடங்கியது என்பதே தெரிந்துவிடும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வினையூக்கி பொருத்திய வண்டியில் அது மோனாக்சைடை ஓரளவு எரித்துவிடுவதால், எண் குறைவாக இருப்பது மட்டுமே நலத்துக்குச் சான்றாகாது.

பெட்ரோல் ஏன் மிகுகிறது? கார்புரேட்டர் வண்டியில் சோக் முழுவதும் திரும்பாமை, மிதவை ஊசி தேய்ந்து பெட்ரோல் வழிதல் ஆகியவை வழக்கமான காரணங்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் கணிப்பொறிக்குப் பொய் சொல்லும் உணர்விகளே பெரும்பாலும் காரணம். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணர்வி சூடேறியபின் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் ஊசலாட வேண்டும். அது கீழேயே நின்றுவிட்டால், காற்று மிகுந்துவிட்டது என்று கணிப்பொறி எண்ணிப் பெட்ரோலைக் கூட்டும். புகையில் மோனாக்சைடு மிகுந்திருக்கையில் உணர்வி கீழேயே நின்றால், பொய்யன் யார் என்பது வெளிப்படை.

குளிர்ந்தே கிடக்கும் எஞ்சின்

எங்கள் விடுதியில் நால்வர் பங்கில் ஓடும் 2004ஆம் ஆண்டு இன்ஜெக்ஷன் வண்டியின் கதை இங்கே பயன்படும். கோடைவரை லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தந்த வண்டி, டிசம்பரில் 12.6க்கு இறங்கிற்று. இரயில் நிலையத்துக்கு அடிக்கடி போய்வந்த நண்பர் பெட்ரோலுக்குக் கணக்குக் காட்டுவதில்லை என்ற பேச்சு எழுந்தது; அவர் சாவியைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

மூன்று டாங்கி அளந்தோம், குறை உண்மை. காற்றைச் சரிசெய்தோம், 12.8 ஆயிற்று. பிரேக்கில் குறையில்லை. புகைச் சோதனையில் மோனாக்சைடு 2.8 விழுக்காடு. முந்தைய சான்றிதழில் 0.3. ஆகவே பெட்ரோல் யாராலும் எடுக்கப்படவில்லை. புகையாகவே போயிருக்கிறது என்பது புலனாயிற்று.

அடுத்த தடயம் வெப்ப மீட்டர். இருபது கிலோமீட்டர் ஓடியும் முள் கால் பங்கைத் தாண்டவில்லை. எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாய், காலையில் வண்டியைக் கிளப்பியதும் எஞ்சினோடு சேர்ந்தே மெல்லச் சூடேறிற்று. தெர்மோஸ்டாட் என்ற சிறு கதவு, நீர் 80 பாகையை ஒட்டிச் சூடேறும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்க வேண்டும். அதுவரை குழாய் குளிர்ந்திருந்து, பிறகு சட்டென்று சூடேறுவதே முறை. மூடியைக் கழற்றிப் பார்த்தால் அங்கே கதவே இல்லை! கோடையில் எஞ்சின் கொதித்தபோது, பட்டறை ஒன்றில் அதைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள்.

இது நம் நாட்டுப் பட்டறைகளில் பரவலாக உள்ள பழக்கம். கோடையில் தீங்கு தெரியாது. வெளிக்காற்றே 40 பாகைக்கு மேல் இருப்பதால் எஞ்சின் எப்படியோ சூடேறிவிடும். குளிர்காலத்தில் நீர் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். நீர் வெப்ப உணர்வி அதை உண்மையாகவே சொல்லும். கணிப்பொறியோ எஞ்சின் இப்போதுதான் கிளம்பியிருக்கிறது என்று எண்ணி, நாள் முழுவதும் கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். உணர்வியே கெட்டுப்போனாலும் இதே விளைவுதான். ஆனால் அப்போது முள் நடுவில் நிற்கும்போதே பெட்ரோல் மிகும்.

கோடையில் கொதித்ததற்கு உண்மைக் காரணம் ரேடியேட்டர் விசிறிக்கு மின்சாரம் போகாதது. அதைச் சரிசெய்து, சில நூறு ரூபாயில் புதிய தெர்மோஸ்டாட்டை மாட்டினோம். மோனாக்சைடு 0.3க்கு இறங்கிற்று, மைலேஜ் 15.1க்கு ஏறிற்று. எஞ்சிய குறையைக் குளிரின் கணக்கில் எழுதலாம். கணக்கு நோட்டை நால்வர் முன்னிலையில் படித்தபின் நண்பர் சாவியை வாங்கிக்கொண்டார்.

எஞ்சினின் உள்ளே

இத்தனைக்கும் பின் குறை நீங்காவிடில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நலம். உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசை தேய்ந்த எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்கத்தை அளந்து, ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அதில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி மீண்டும் அளப்பார்கள். எண் உயர்ந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்தது. உயராவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. பெருஞ்செலவு இங்கேதான் தொடங்குகிறது. ஆகவே "எஞ்சினைப் பிரிக்கணும்" என்று யாரேனும் சொன்னால், அமுக்க எண்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

சில நம்பிக்கைகள்

காற்று வடிகட்டி அடைத்தால் மைலேஜ் விழும் என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. இன்ஜெக்ஷன் வண்டிகளில் அது வேகமெடுப்பதைக் குறைக்குமே தவிர மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதில்லை என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் அளந்து காட்டியது. பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தத்துக்கும், டாங்கியில் ஊற்றும் மாயத் துளிகளுக்கும் பணம் கொடுக்காதீர்கள். அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு நூற்றுக்கு மேற்பட்ட இத்தகைய பொருள்களை ஆராய்ந்து, மைலேஜைக் கணிசமாக உயர்த்துவது ஒன்றையும் காணவில்லை.

இறுதியாக இரண்டு எச்சரிக்கைகள். பெட்ரோல் வாடை வந்தால் எல்லாச் சோதனைகளையும் விட்டுக் கசிவைத் தேடுங்கள். பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனால் எளிதில் கெடுக்கும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். மேலே கணக்கில் கண்ட மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, உயிரைக் குடிக்கும்.

இருபது ரூபாய் நோட்டு ஒன்றை வண்டியிலேயே வையுங்கள். தேதி, கிலோமீட்டர், லிட்டர், ஓட்டியவர் பெயர் என நான்கு கட்டங்கள் போதும். பழுது வரும் நாளில் முதல் சாட்சி அதுவே. மனிதரை விசாரிக்குமுன் அதை விசாரியுங்கள்.