சாச்சாவின் வேனுக்கு எத்தனை வாட்?

தோட்டங்களில் சம்பள நாள் வந்தால் என் சாச்சாவின் புடவை வேன் லுணுகலையிலிருந்து புறப்பட்டுவிடும். ஹொப்டன், அடாவத்தை, மடுல்சீமை என்று லயங்களின் அருகே நிறுத்துவார். கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் வீடு திரும்பிய பிறகுதான் வியாபாரம். அதனால் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் வேண்டும். சில நாள் வேனிலேயே தூக்கம். ஜெனரேட்டருக்கு பெற்றோல் ஊற்றிக் களைத்தவர், சோலார் பூட்ட நினைத்தார். "100 வாட் பெனல் ஒன்று தாராளமாகப் போதும்" என்றாராம் விற்றவர்.

போதுமா? சக்தி என்பது வலுவை நேரத்தால் பெருக்கி வருவது. பௌதிகவியலில் இவ்வளவு தெரிந்தால் கணக்குப் போடலாம். பெனலில் தொடங்கக்கூடாது, குமிழில் தொடங்க வேண்டும்.

10 வாட் எல்.ஈ.டி. குமிழ் 5, நான்கு மணிநேரம்: 200 வாட்மணி. 15 வாட் மின்விசிறி ஆறு மணிநேரம்: 90. ஒலிபெருக்கி 20 வாட், மூன்று மணிநேரம்: 60. இரண்டு கைபேசிக்கு 30. மொத்தம் 380 வாட்மணி. சாச்சி மின்கேத்தலும் கேட்டார். 1500 வாட் கேத்தல் 12 வோல்ட் பெட்டரியிலிருந்து 125 அம்பியர் இழுக்கும். பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுபோவதே மேல்.

இனி வெயில். பெனல் முழு வலுவில் இயங்கியதற்குச் சமமான நேரத்தை நல்ல மாதத்தில் நாளுக்கு 5 மணி என்றும், மழை மாதத்தில் 3 மணி என்றும் எடுத்தேன். சூடு, தூசு, கம்பி இழப்புக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தேன். 100 வாட் பெனல் நல்ல மாதத்தில் 375 வாட்மணி தரும். விற்றவர் சொன்னது ஏறத்தாழச் சரிதான்! மழை மாதத்திலோ 225 மட்டுமே.

ஆனால் தோட்டப்புறத்தில் புடவை அதிகம் விற்பது தீபாவளிக்கு. அது வருவது ஒக்டோபர், நவம்பரில். ஊவாவில் இடைப்பருவ மழை கொட்டும் காலம். வருடத்தின் பெரிய வியாபாரத்தில் பாதி இரவிலேயே விளக்கு அணையும். ஆகவே கணக்கை மோசமான மாதத்துக்கே போட வேண்டும்: 380ஐ 0.75ஆலும் 3ஆலும் வகுத்தால் 169. கடையில் கிடைக்கும் அளவில் 200 வாட்.

பெட்டரி, வெயிலே இல்லாத இரண்டு நாளைத் தாங்க வேண்டும்: 760 வாட்மணி. ஈய அமில பெட்டரியைப் பாதிக்குமேல் வடியவிட்டால் ஆயுள் குறையும். எனவே 1520, அதாவது 12 வோல்ட்டில் 127 அம்பியர்மணி. 150 வாங்கலாம். லிதியம் என்றால் 80 வீதம் பாவிக்கலாம் என்பதால் 100 போதும். விலை கூட, பாரம் குறைவு. மலை ஏறும் வேனுக்குப் பாரமும் செலவுதான்.

பெனலிலுள்ள கலங்கள் தொடராக இணைந்தவை. சிலவற்றில் கிளை நிழல் விழுந்தாலே வலு வெகுவாகக் குறையும். பகலில் மர நிழலில் நிறுத்தும் பழக்கத்தைச் சாச்சா விட வேண்டிவரும். பெட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே பியூஸ் ஒன்றும் கட்டாயம் வேண்டும். வேன் நிறைய இருப்பது புடவை.