ஐம்பது கிலோ நோயாளி

“முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து, பாரத்தை உடம்போடு ஒட்டித் தூக்கு.” நர்சிங் மாணவிகளுக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் பாடம் இது. 25 கிலோ அரிசிச் சிப்பத்துக்குப் பொருந்தும். படுத்திருக்கும் மனிதருக்கு? கட்டில் குறுக்கே நிற்கிறது. மடக்கிய முழங்காலுக்கு இடமில்லை. கைநீட்டிக் குனிந்தே ஆக வேண்டும். போதாததற்கு, அரிசிச் சிப்பம் பாதி வழியில் பயந்துபோய் நம் கழுத்தைக் கட்டிக்கொள்வதில்லை.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மர்ராஸ் குழுவினர் இதை அளந்தே பார்த்தார்கள். 1999இல் வெளியான அந்த ஆய்வில் நோயாளியாக இருந்த பெண்ணின் எடை வெறும் 50 கிலோ. சொன்னபடி ஒத்துழைப்பவர் வேறு. அப்படியும், இருவர் சேர்ந்து தூக்கியபோதுகூட இடுப்புக்கு ஆபத்துதான் என்று முடிவு வந்தது.

காரணம் நெம்புகோல் கணக்கு. முதுகுத் தசை, முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வின், அதாவது டிஸ்க்கின், மையத்திலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி நின்று இழுக்கிறது. பாரமோ 50 செ.மீ. தள்ளி இருக்கிறது. இருவர் தூக்கும்போது ஆளுக்குப் பாதியாக வரும் 25 கிலோவைத் தூக்கத் தசை 250 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அந்த நெருக்கல் முழுவதும் டிஸ்க்கின் மேல் விழுகிறது.

டிஸ்க் உடனே முறையிடுவதில்லை. அதன் உட்புறத்தில் ரத்தக் குழாய் இல்லை. மேலும் கீழும் உள்ள மெல்லிய தட்டுகள் வழியே ஊறிவரும் சத்தில்தான் அது பிழைக்கிறது. அழுத்தத்தில் அந்தத் தட்டு நுணுக்கமாக விரிசல் விடும். ஆறிய இடத்தில் தழும்பேறும். தழும்பு வழியே சத்து சரியாக ஊறாது. உள்ளே வலி நரம்பும் இல்லாததால் ஆளுக்கு எதுவும் தெரிவதில்லை. வருஷங்கள் கழித்து, கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனியும்போது ‘ஜவ்வு விலகிடுச்சு’. பழி பேனாவுக்கு!

நோயாளியைக் கையால் தூக்குவதற்கு 16 கிலோ வரம்பை 2007இல் பரிந்துரைத்தார், அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் தாமஸ் வாட்டர்ஸ். 100 கிலோ மனிதரின் ஒற்றைக் கால் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும்.

ஆகவே, சரியாகத் தூக்கக் கற்றுத்தருவதில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. பிரிட்டனின் 1992ஆம் ஆண்டு விதிகள், ஆபத்தான பாரத்தைக் கையாளும் தேவையையே முடிந்தவரை தவிர்க்கச் சொல்கின்றன. நோயாளியைத் தொட்டில்போல ஏந்தித் தூக்கும் மின்கருவி அதற்கு ஒரு வழி. விலை அதிகம்தான். வழுக்கும் நைலான் விரிப்பு மலிவானது, தூக்காமல் நகர்த்தலாம். அதற்கும் கட்டில் இடுப்பு உயரத்துக்கு ஏற வேண்டும். நம் வார்டுகளில் இன்னும் கிடக்கும் பழைய இரும்புக் கட்டில்களோ ஓர் அங்குலம்கூட ஏறாது.